காற்றின் மேல் நின்ற வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ரஃபீக் பாயின் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தபோது வண்டி படுத்திருந்தது.

படுத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜீப் மாதிரிப் பெரிய கார், கரும்பச்சை நிறம். நான் பக்கத்தில் நின்றால் கூரை என் தலைக்கு மேலே போகும். முந்தின நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தபோது நன்றாக நிமிர்ந்து நின்றிருந்தது. இப்போது பின்சக்கரங்களில் பாதியை மட்கார்டு விழுங்கியிருந்தது. முன்பக்கமும் தாழ்ந்து, அடியில் ஒரு பூனைகூட நுழைய முடியாதபடி தரையோடு ஒட்டிக் கிடந்தது.

ரஃபீக் பாய் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், இப்டி ஆயிடுச்சு?"

"காலையில ஷட்டர் தூக்குறேன், இப்டி உக்காந்துக்கினு கீதுக்கா. நேத்து பூட்டிட்டுப் போறப்ப ஜம்முனு நின்னுச்சு. ஒரு வேடிக்கை காட்டவா?"

டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே ஏறிச் சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. முன்பக்க மூடிக்குள் எங்கோ ஒரு சின்னக் கம்ப்ரஸர் முனக ஆரம்பித்தது. நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்பக்கம் மெல்ல எழுந்தது. அப்புறம் முன்பக்கம். ஜாக்கி இல்லை, யாரும் தொடவில்லை. இரண்டு டன் இரும்பு தானாக எழுந்து நின்றது.

அதைத் தூக்கியது, ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு ரப்பர்ப் பைகளுக்குள் போன காற்று. ஷெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த அதே காற்று. பெட்ரோல் வாசனையும் பக்கத்து பேக்கரியின் சூடான பன் வாசனையும் கலந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"ஏறிடுச்சு. ஆனா நிக்காதுக்கா," என்றார் பாய். "எங்கியோ ஓட்டை. எங்கன்னுதான் தெரியல."

காற்றோடு என் பழக்கம்

என் தொழிற்சாலை நாட்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக இரண்டு வரி. ஹெப்பகோடியில் அழுத்தமானிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் பிரிவுக்கு 'கேலிப்ரேஷன்' என்று பெயர். ஒரு மானி 'ஐந்து' என்று காட்டினால் அது உண்மையிலேயே ஐந்துதானா என்று சரிபார்த்து, திருத்தி, என் கையெழுத்துப் போட்ட சீட்டை அதில் ஒட்டி அனுப்புவது என் வேலை.

சேர்ந்த புதிதில், ஒரு சாப்பாட்டு இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர் நிரப்பிய, U போல வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். மறுபக்கம் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறி நின்றது. என் மூச்சு ஒரு பொருளைத் தூக்கிப் பிடிக்கிறது! மூச்சை விட்டதும் தண்ணீர் இறங்கியது. மறுபடி ஊதினேன். சாப்பிடவே மறந்துபோனேன். அன்றிலிருந்து காற்று எனக்குச் சாதாரண விஷயமாக இல்லை.

ரஃபீக் பாய் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்காரர். அவர் மனைவி ஷமீமும் நானும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்துச் சிநேகிதிகள் ஆனவர்கள். ஒருநாள் ஷமீம், "எங்க வூட்டுக்காரரு ஒரு வண்டியோட ஒயரைப் புடிச்சிக்கினு மூணு நாளா அல்லாடுறாரு. உன்கிட்ட கரண்ட் பாக்குற மீட்டர் கீதே, வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். போனேன். அப்படித் தொடங்கியது. என் கணவருக்கு ஞாயிறு என்றால் சீட்டுக்கட்டும் நண்பர்களும். எனக்கு ஓல்டு மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய அந்த ஷெட்.

பாய்க்கு எஞ்சினைக் கேட்டால் போதும், எந்த உறுப்பு நோகிறது என்று சொல்லிவிடுவார். ஒயர் என்றால் மட்டும் பாம்பைப் பார்த்த மாதிரி. எனக்கு நேர் எதிர். எஞ்சின் ஒரு இரைச்சல் பெட்டி. ஒயர்தான் என்னோடு பேசும்.

'குனியுமா?'

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த வண்டி இங்கிலாந்தில் செய்தது. பெங்களூரில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு அதிகாரி ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. காக்ஸ் டவுனில் இருந்த சிவராமன் சார் வாங்கியிருந்தார். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லப் பேசுகிற மனிதர்.

பிப்ரவரியிலிருந்து வண்டி இப்படி உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. இரண்டு பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் காட்டியிருக்கிறார். இரண்டிலும் ஒரே பதில்: காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடுங்கள். ரஃபீக் பாயும் அதையேதான் சொன்னார். சிவராமன் சார், "நீங்களே வந்து என் ஒய்ஃப்கிட்ட சொல்லிடுங்களேன். என்னால சொல்ல முடியல" என்றார். பாய் தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

லலிதா மேடம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, காதோரம் மட்டும் நரை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மலைப்பாதையில் ஜீப் உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பல வருஷம் ஆகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஸ்பிரிங் போட்டா வண்டி நல்லா ஓடுமா?" என்று கேட்டார்.

"சூப்பரா ஓடும் மேடம். அப்புறம் ப்ராப்ளமே வராது," என்றார் பாய்.

"குனியுமா?"

"அது குனியாது மேடம். ஒரே உயரந்தான்," என்றார் பாய்.

"வாங்க, காட்டறேன்," என்று மேடம் நாற்காலியை உருட்டிக்கொண்டு போர்டிகோவுக்குப் போனார். அங்கே முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு சிமெண்டு மேடை. வீட்டுக்குள்ளிருந்து நேராக அதன்மேல் நாற்காலி ஓடும். அவர் மடியில் எண்ணெய் தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு பலகை.

"வண்டி இங்க வந்து நிக்கும். பட்டனை அழுத்தினா குனியும். முழுசாக் குனிஞ்சா அதோட சீட்டும் என் நாற்காலியும் ஒரே மட்டம். நடுவுல இந்தப் பலகையைப் போட்டு நானே நகர்ந்து உக்காந்துக்குவேன். அந்த மட்டத்துக்கு அளந்துதான் இந்த மேடையைக் கட்டினோம். வண்டி கொஞ்சம் உசந்து நின்னாலும் பலகை மேடாயிடும், என் கைக்குப் பலம் பத்தாது."

"ரெண்டு பேர் புடிச்சு உக்கார வெச்சா..." என்று பாய் மெல்ல ஆரம்பித்தார்.

"வெச்சாங்களே. பத்து வருஷம். அக்குள்ல ஒருத்தர், முழங்கால்ல ஒருத்தர். ரோட்ல போறவங்க நின்னு பார்ப்பாங்க. புடவையை நான் சரி பண்றதுக்குள்ள கதவைச் சாத்திடுவாங்க. இந்த வண்டி வந்ததுலேர்ந்து யாரும் என்னைத் தூக்கல. நானே போறேன், நானே வரேன்." குரலை உயர்த்தவே இல்லை. "பிப்ரவரிலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போகல. ஜூன்ல திறக்கறப்ப வரலைன்னா வேற டீச்சரைப் போட்டுக்கறோம்னு மரியாதையாச் சொல்லிட்டாங்க. அது அவங்க தப்பில்ல. ஆனா மறுபடி என்னை மூட்டை மாதிரி தூக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் அல்சூர் ஏரி வந்ததும் பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஸ்பிரிங் நக்கோக்கா, வேணாம். என்னா ஆனாலும் சரி, பலூன்லயே நிறுத்திக் காட்டுவோம்."

சோப்பு நுரை

முதலில் ஓட்டைகளைத் தேடினோம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். துணி துவைக்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு பையின் மேலும் தடவினோம். பின்பக்க வலது பையில், ரப்பர் மடிகிற இடத்தில், சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. விரலால் மடிப்பைப் பிரித்தால் உள்ளே காய்ந்த களிமண்போல வெடிப்பு. இடது பையும் அந்த நிலைக்கு வந்துகொண்டிருந்தது.

லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில், சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவே, இரண்டு புதுப் பைகள் வந்து சேர்ந்தன. மாட்டினோம். வண்டி இன்னும் மெல்ல இறங்கத்தான் செய்தது.

அடுத்தது காற்றை நான்கு பக்கமும் பிரித்து அனுப்புகிற வால்வுப் பெட்டி. திறந்தால் உள்ளே பொத்தான் அளவில் ரப்பர் வளையங்கள், எத்தனையோ. எல்லாம் இறுகிப்போயிருந்தன. பாய் ஒன்றை நகத்தால் அழுத்தினார்; வெல்லம் மாதிரி நொறுங்கியது. நான் வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக் கொடுக்க, அவர் ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அளவு மாறாமல் வாங்கிவந்தார். ஒரு ஞாயிறு முழுக்க அவற்றைப் பூப்போல எடுத்துப் பொருத்தினோம்.

வேலை முடிந்ததும் நான்கு மட்கார்டுகளுக்கும் நேரே சுவரிலும் சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். மட்கார்டுகள் நான்கும் கோட்டோடு கோடாகவே நின்றன. ஒரு வாரம், எஞ்சின் ஓடாமல், காற்று மட்டும் அந்த எடையைச் சுமந்து நின்றிருக்கிறது. நான் பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, இறுக்கமாக இருந்தது.

"அக்கா, சலாம் போட்டுருவ போலக் கீதே!" என்று பாய் சிரித்தார். அவர் கண்ணிலும் அதே மரியாதைதான் இருந்தது.

வண்டி கைவிட்டது

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். கே.ஆர்.புரம் பக்கம் வேகமெடுத்தபோது வண்டிக்குள் ஓர் எச்சரிக்கை மணி ஒலித்தது. டாஷ்போர்டில், மெதுவாகப் போ என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அடியில் பெருமூச்சுப் போல ஒரு சத்தம். வண்டி ஓடிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டது. திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு குழியும் எங்கள் முதுகெலும்பில் விழுந்தது.

அப்புறம் எஞ்சினை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் எழவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் ஏதோ தவறைப் பார்த்துவிட்டது. பார்த்ததை நினைவில் எழுதி வைத்துக்கொண்டு, இனி இந்த விளையாட்டுக்கு வரமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டது. அதோடு பேசி அந்த எழுத்தை அழித்தால்தான் உண்டு. அதற்கான கருவி கம்பெனிக்காரர்களிடம் மட்டும் இருக்கும். பெங்களூரில் யாரிடமும் இல்லை.

சிவராமன் சாரின் மகன் அமெரிக்காவில் இருந்தார். அங்கே இதே வண்டி வைத்திருக்கும் யாரோ ஒருவர், தன் வண்டிக்காகத் தானே எழுதிய ஒரு சின்ன நிரலை எல்லோருக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தாராம். மகன் அதையும், பிளக்கின் எந்த ஊசிக்கு எந்த ஒயர் என்கிற படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினார். பிரவுசிங் சென்டரில் படத்தை அச்செடுத்து, வீட்டுச் சமையல் மேடையில் வைத்து நான் கேபிளுக்குச் சால்டரிங் செய்தேன். அதை வைத்து வண்டியையும் சாரின் லேப்டாப்பையும் இணைத்தேன்.

திரையில் நான்கு எண்கள் வந்தன.

நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் சென்சார்கள் உண்டு. அந்த நான்கும் சொல்லும் எண்கள் அவை. "பாய், டிக்கியில உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார். பின்பக்க எண்கள் இரண்டும் இறங்கின. எழுந்தார், ஏறின. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முன்பக்க மட்கார்டை ஒரு விரலால் அழுத்தினேன். எண் ஒன்று குறைந்தது.

ஒரு விரல்! என் ஒரு விரலின் பாரம் அதற்குத் தெரிந்திருக்கிறது. பாய் இறங்கி வந்து தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "யா அல்லா," என்றார் மெதுவாக.

கதவைச் சாத்தினேன்

அன்றைக்கு நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டால் பொய் எழுதியதாகும்.

பதிந்திருந்த தவறை அழித்து, வண்டியை உயர நிறுத்தினோம். ஓட்டிப் பார்த்ததில் மறுபடி அதே மணி, அதே பெருமூச்சு. ஷெட்டுக்கு வந்து பாய் ஜாக்கி போட்டுத் தூக்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குக் கீழே நான்கு ரயில்வே கட்டைகளைக் கொடுத்து, ஜாக்கியை எடுத்துவிட்டு, ஒயர்களைப் பார்க்க அடியில் படுத்தார். நான் முன்சீட்டில், கதவைத் திறந்து வைத்து, மடியில் லேப்டாப்போடு இருந்தேன். தவறை அழித்தேன். கம்ப்ரஸர் ஓடியது, சேஸ் கட்டையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. அப்போது சாரல் அடித்தது. மே மாத மழை. லேப்டாப் நனையக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தினேன்.

நாலு பக்கமும் 'உஸ்' என்று ஒரே சத்தம். வண்டி கீழே இறங்கியது. கட்டையில் மோதி நின்றபோது என் பற்கள் இடித்துக்கொண்டன.

"பாய்!"

கதவைத் திறந்து குதித்து, ஈரத் தரையில் மண்டியிட்டேன். குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு தலை. பிறகு முழு ஆளும் நகர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தார். சட்டையில் மார்புக்கு நேரே கறுப்பாக ஒரு எண்ணெய்க் கோடு. வண்டியின் அடிப்பாகம் உரசிய இடம்.

நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஒரு கதவு திறந்திருந்தால் அந்த வண்டி கீழே இறங்காது. யாராவது ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கலாம் என்று காத்திருக்கும். நான் சாத்தியதும், தேவைக்கு மேல் ஏறியிருந்த உயரத்தை அது குறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை வடிவமைத்தவர் யாரோ ஒருவரின் காலை நினைத்துப் பார்த்திருக்கிறார். நான் அடியில் கிடந்த மனிதரை நினைக்கவில்லை.

"அழுவாதக்கா. கட்டை கீது இல்ல? கட்டை குடுக்காம நான் என்னைக்கும் படுத்ததில்ல." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஷமீம்கிட்ட மட்டும் சொல்லாத."

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒயரை நான் பார்த்தா வேலைக்காவுமா? வாக்கா, ஜூன் வந்துக்கினு கீது."

முள் தடுமாறியது

பாய்க்குக் கம்ப்யூட்டர் மேல்தான் சந்தேகம். அது கெட்டிருந்தால் கதை முடிந்தது, வேறொன்று கிடைக்காது. எனக்கு வேறொரு எண்ணம் ஓடியது. நிற்கும்போது எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. ஓடும்போதுதான் கோளாறு. அப்படியானால் அசைகிற ஏதோ ஒன்று.

நான்கு சென்சார்களையும் கழற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கை உண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது அது திரும்பும். உள்ளே ஒரு தடத்தின்மேல் உரசிக்கொண்டே போய் உயரத்தைச் சொல்லும். டிஜிட்டல் மீட்டரை மாட்டித் திருப்பினேன். எண்கள் சரியாகத்தான் ஓடின.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட முள் வைத்த பழைய மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை மாட்டினேன். மூன்று சென்சார்களில் முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. நான்காவது, முன்பக்க இடது. மெல்லத் திருப்பினேன். ஏறியது, ஏறியது, நடுவில் ஒரே இடத்தில் வெடுக்கென்று விழுந்து எழுந்தது. கண் இமைத்தால் தெரியாது. டிஜிட்டல் மீட்டர் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொள்கிறது. முள் மூடவில்லை.

"இன்னொருவாட்டி," என்றார் பாய். திருப்பினேன். அதே இடம். முள் தடுமாறியது.

அது எந்த இடம் என்று அளந்து பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. வண்டி சாதாரணமாக ஓடும்போது நிற்கிற உயரம். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கை அதிகம் உரசிக்கொண்டிருந்தது அந்த ஒரு புள்ளியில்தான். அங்கே தடம் தேய்ந்துவிட்டது. ஓடும்போது கணத்தில் ஒரு துளி நேரம், இடது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு ஓட அதற்கு மனமில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. நாங்கள் திட்டித் தீர்த்த அந்தப் பெட்டி அத்தனை நாளும் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

மட்டமான தரை

சாரின் மகன் அமெரிக்காவிலிருந்து புது சென்சார் அனுப்பினார். புதியது சொல்லும் எண் வேறு, பழையது சொன்ன எண் வேறு. ஆகவே நான்கு பக்கத்துக்கும் ஆரம்பத்திலிருந்து அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். வண்டிக்கு நான்கு உயரங்கள்: குனிவது, தாழ்ந்து ஓடுவது, சாதாரணம், மேடு ஏறுவது. ஒவ்வொரு உயரத்துக்கும் நான்கு இரும்புக் குழாய்த் துண்டுகளை லேத்தில் ஒரே அளவாக வெட்டி, அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே வைத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, அப்போது சென்சார் சொல்லும் எண்ணைப் பதிய வேண்டும்.

இதற்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஷெட் சாக்கடைப் பக்கம் சாய்ந்திருந்தது. தெரு ஏரிப் பக்கம் சாய்ந்திருந்தது. கல்யாண மண்டபத்து வாசல், ரேஷன் கடை முற்றம், எல்லாமே ஏதாவது ஒரு பக்கம் ஓடின. பெங்களூர் முழுக்க ஒரு சரிவுதான் என்று அன்றுதான் தெரிந்தது.

லலிதா மேடம் போனில் சொன்னார்: "எங்க போர்டிகோவைப் பாருங்க. மேடை கட்டின மேஸ்திரியைத் தரையையும் மட்டம் பார்க்க வெச்சேன்."

பார்த்தோம். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரு நூல் அளவுகூட மாறவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு அது. பாய் துண்டுகளை வைப்பார், வெளியே வந்து குரல் கொடுப்பார், நான் வண்டியை இறக்குவேன், எண்ணைப் படிப்பேன். மேடம் மேடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பதினாறு எண்கள் முடிந்தன. நான் தட்டச்சு செய்து, பதியப் போகும் விசையின் மேல் விரலை வைத்தேன்.

"வசந்தா, ஒரு நிமிஷம். பின் வலது, மூணாவது எண் என்ன சொன்னீங்க?"

"நூத்திப் பதிமூணு மேடம்."

"மத்த மூணு சக்கரத்துலயும் ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு இருபது சொச்சம் ஏறுது. இதுல மட்டும் மூணுதான் ஏறுது. ஒருவேளை நூத்தி முப்பத்தொண்ணா?"

துண்டுகளைத் திரும்ப வைத்துப் பார்த்தோம். நூற்று முப்பத்தொன்று. நான்தான் இலக்கங்களை மாற்றிப் படித்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் கையெழுத்துப் போட்டவள்! அப்படியே பதிந்திருந்தால் வண்டி காலம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருக்கும்.

"பசங்க பேப்பர் திருத்தித் திருத்தி இதே புத்தியாயிடுச்சு," என்று மேடம் சிரித்தார்.

சரியான எண்ணைப் பதிந்தேன். பாய் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். மணி அடிக்கவே இல்லை என்றார்.

திரும்பி நின்றோம்

வண்டியை மேடையோரம் நிறுத்தி, பாய் கதவைச் சாத்திவிட்டுப் பட்டனை அழுத்தினார். நான்கு மூலையும் சேர்ந்து இறங்கின. நின்றதும், எஞ்சினை ஓடவிட்டுக் கீழே இறங்கி இடது முன்கதவைத் திறந்து வைத்தார். மேடம் தன் பலகையின் ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையைச் சீட்டிலும் வைத்தார். குனிந்து பலகையின் விளிம்பைப் பார்த்தார். உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றார்.

சிவராமன் சார் உடனே திரும்பினார். நானும் பாயும் அவர் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றோம். எத்தனையோ ஞாயிறுகள் உழைத்தும் அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். நாற்காலியின் பிரேக் 'டக்'கென்று விழுந்தது. புடவை பலகையில் உரசியது. ஒரு மூச்சு. நிறுத்தம். இன்னொரு மூச்சு. நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. நாலு மாதமாகப் பழக்கமில்லாத கைகள். சார் கண்ணாடியைக் கழற்றி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மறுபடி புடவை உரசல். 'ம்' என்று ஒரு சத்தம். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே பட்டனை அவரே அழுத்தியிருக்க வேண்டும்; கம்ப்ரஸர் முனகியது. சாயங்கால வெயில் எங்கள் பின்னாலிருந்து போர்டிகோவுக்குள் விழுந்து, வண்டியின் நிழல் எங்களுக்கு எதிரே வெள்ளைச் சுவரில் படிந்திருந்தது. அந்த நிழல் அசைந்தது. கூரையின் கோடு சுவரில் மேலேறத் தொடங்கியது. முன்னும் பின்னும் சேர்ந்தே ஏறியது, ஒரு பக்கமும் முந்தாமல், ஒரு பக்கமும் பிந்தாமல். காற்றுதான் தூக்கியது. உள்ளே அவர் இருந்தார். பாயின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நிழல் ஏறி நின்றது.

"இப்ப திரும்பலாம்," என்றது குரல்.

திரும்பினோம். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. மேடத்தின் நெற்றியில் வியர்வை, புடவைத் தலைப்பு தோளில் நேராக இருந்தது. அவர் கண்கள் எங்கள் கண்களின் மட்டத்தில் இருந்தன.

"நாளைக்குக் காலையில எட்டே காலுக்கு முதல் பீரியடு," என்றார். "இப்பவே ஒருதரம் ஸ்கூல் வாசல் வரைக்கும் போய்ட்டு வரலாமா?"